சுவரோரக் காற்றை அளக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தட்டையான பரப்பின் மீது ஓடும் கொந்தளிப்பான காற்றை, அந்தப் பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஹாட்வயர் (சூடாக்கிய மெல்லிய கம்பி காற்றில் இழக்கும் வெப்பத்திலிருந்து வேகத்தைச் சொல்லும் கருவி) கொண்டு அளக்கிறவர்களுக்கான குறிப்பு இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு காற்றுச்சுரங்கத்தைப் பராமரிக்கும் வேலையில் இருப்பதால், தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் ஆய்வு மாணவர்களும், டர்பனில் இந்தியர்கள் நிறைந்த பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அண்ணா, பிரிட்ஜ் போய்விட்டது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோரின் பிரிட்ஜ், அதாவது கம்பியின் வெப்பத்தை மாறாமல் வைத்து அதற்குத் தேவைப்படும் மின்னழுத்தத்தைக் காட்டும் மின்சுற்று, நன்றாகவே இருக்கும். சுவரிலிருந்து எடுத்த தூரமோ, காற்றின் வெப்பநிலையோ, கம்பியில் படிந்த அழுக்கோதான் பிசகியிருக்கும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும் விலை கூடிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் சோதித்துக்கொண்டு போவது நல்லது.

எண்களுக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பயன்படுத்துகிறேன். கடல்மட்டத்தில் 20 டிகிரி வெப்பமுள்ள காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அளக்கும் இடம் தட்டின் முன்விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே எல்லைப்படலத்தின், அதாவது தட்டின் உராய்வால் வேகம் குறைந்த காற்றடுக்கின், தடிப்பு 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உராய்வு வேகம் (சுவர் உராய்வின் வலிமையை வேக அலகில் சொல்லும் அளவு) விநாடிக்குச் சுமார் 0.42 மீட்டர், காற்றின் இயக்கப் பாகுநிலையை அதனால் வகுத்தால் கிடைக்கும் சுவர் அலகு சுமார் 0.036 மில்லிமீட்டர். கம்பி வழக்கமான டங்ஸ்டன் கம்பி: விட்டம் 5 மைக்ரோமீட்டர், நீளம் 1.25 மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

## அறிகுறி: சுவரை நெருங்க நெருங்க வேகம் குறைய வேண்டியிருக்க, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது அல்லது மறுபடி ஏறுகிறது

எல்லோருக்கும் முதலில் வரும் அறிகுறி இதுதான். எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

### ஏற்றம் கடைசி 0.2 மில்லிமீட்டருக்குள் மட்டும் தெரிகிறது எனில்

அது கோளாறே அல்ல. கம்பி ஏறக்குறைய 240 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. சுவரோ அறை வெப்பத்தில் இருக்கிறது. ஐந்து சுவர் அலகுக்குக் கீழே போகும்போது கம்பியின் வெப்பம் காற்றோடு போவது தவிர சுவருக்குள்ளும் இறங்குகிறது. பிரிட்ஜ் அந்த இழப்பையும் காற்றின் வேகமாகவே எண்ணிக்கொள்கிறது. உறுதிசெய்துகொள்ள, விசிறியை நிறுத்திக் காற்று முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, அதே உயரங்களில் மின்னழுத்தத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாதபோதும் சுவரை நெருங்கும்போது மின்னழுத்தம் ஏறுகிறது என்றால் காரணம் சுவர்தான்.

அலுமினியத் தட்டில் இந்த ஏற்றம் பெரிதாகவும், அக்ரிலிக் தட்டில் சிறிதாகவும் இருக்கும். அளக்கும் இடத்தில் மட்டும் அக்ரிலிக் துண்டு ஒன்றைத் தட்டோடு மட்டமாகப் பதித்துக்கொள்வது மலிவான வழி. மட்டமில்லாமல் துளி மேடு விட்டால் அதுவே புதிய கோளாறாகிவிடும் என்பதால் விரல்நகத்தால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருத்தச் சூத்திரங்கள் பல அச்சில் உண்டு. என் கருத்தில், உங்கள் தட்டுக்கும் உங்கள் கம்பிக்கும் என்றே சரிபார்க்கப்படாத சூத்திரத்தைப் போட்டு அந்தப் புள்ளிகளை அழகாக்குவதைவிட, ஐந்து சுவர் அலகுக்குக் கீழுள்ளவற்றை வரைபடத்தில் வேறு குறியிட்டுக் காட்டிவிட்டுக் கணக்கிலிருந்து விலக்குவதே நேர்மை.

### ஏற்றம் இல்லை, ஆனால் 3 மீட்டர் வேகத்துக்குக் கீழ் எல்லாமே கூடுதலாகத் தெரிகிறது எனில்

மின்னழுத்தத்தை வேகமாக மாற்றித் தரும் அளவுதிருத்த வளைவின் கீழ்முனையைச் சந்தேகப்பட வேண்டும். அந்த வளைவைப் போட ஒப்பிடும் பிட்டோ குழாயில் (காற்றின் அழுத்தத்திலிருந்து வேகத்தைத் தரும் குழாய்) விநாடிக்கு 10 மீட்டரில் 60 பாஸ்கல் அழுத்தம் கிடைக்கிறது. 3 மீட்டரில் அது 5.4 பாஸ்கலாகவும் 1 மீட்டரில் 0.6 பாஸ்கலாகவும் சுருங்கிவிடுகிறது. நூறு பாஸ்கலுக்கு மேல் அளக்கச் செய்த அழுத்தமானிக்கு 0.6 பாஸ்கல் என்பது சுழியின் நடுக்கம். அந்தப் புள்ளிகளை வைத்துப் போட்ட வளைவு கீழே எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1914-இல் கிங் வெளியிட்ட விதியின் இன்று வழங்கும் வடிவத்தைக் கொண்டு, அதாவது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வேகத்தின் 0.45 அடுக்குக்கு எதிராக வரைந்து பாருங்கள். மேலே நேர்கோட்டில் நிற்கும் புள்ளிகள் கீழே எந்த வேகத்தில் சிதறத் தொடங்குகின்றனவோ, அதுவே உங்கள் அளவுதிருத்தத்தின் உண்மையான தொடக்கம்.

இதற்குத் தீர்வு அழுத்தமானியின் சுழியை ஒவ்வொரு புள்ளிக்கும் முன் எடுப்பது. போதவில்லையானால் குறைந்த வீச்சுள்ள அழுத்தமானியை வாங்குவது அல்லது இரவல் பெறுவது. நான்காம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தி வளைவை நீட்டிக்கொள்வது தீர்வாகாது. புள்ளிகள் இருக்கும் இடத்தில் அது மிக நன்றாகப் பொருந்தும், இல்லாத இடத்தில் தன் போக்கில் போகும்.

### புரோபை நகர்த்தியும் மின்னழுத்தம் சிறிதும் மாறவில்லை எனில்

உடனே நிறுத்துங்கள். புரோபை, அதாவது கம்பி பொருத்திய முனையை, தாங்கும் தண்டின் திருகு தளர்ந்து மோட்டார் மட்டும் சுற்றுகிறது, அல்லது கம்பியைப் பிடித்திருக்கும் முள்முனை சுவரைத் தொட்டு வளைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதாக இருந்தால், பின்னோக்கி எடுக்கும்போது ஒரே மூச்சில் எடுக்காமல் 0.01 மில்லிமீட்டராக எடுக்க வேண்டும். வளைந்த முள் சட்டென்று நிமிர்ந்தால் கம்பி அறுந்துவிடும்.

## அறிகுறி: வளைவின் வடிவம் சரியாக இருக்கிறது, ஆனால் சுவர் விதியின் மேல் உட்காரவில்லை

தூரத்தைச் சுவர் அலகிலும் வேகத்தை உராய்வு வேகத்தின் மடங்கிலும் சொன்னால், சுவரோரக் கொந்தளிப்பில் வேகம் ஏறும் விதத்தைக் காட்டும் பொது வளைவே சுவர் விதி; அதில் சுவரைவிட்டுச் சற்று மேலே வரும் பகுதி மடக்கை விதி. இதற்குத்தான் அதிக நேரம் போகிறது. பொறுமையும் இதற்குத்தான் தேவை.

### சுவருக்கு அருகில் மட்டும் விலகி, மேலே போகப் போக ஒன்றுகூடுகிறது எனில்

தூரம் தவறியிருக்கிறது. 0.05 மில்லிமீட்டர் பிழை என்பது நம் எடுத்துக்காட்டில் ஒன்றரைச் சுவர் அலகு ஆகிறது. முப்பது அலகு உயரத்தில் அது கண்ணுக்கே தெரியாது, ஐந்தாம் அலகில் வளைவையே புரட்டிவிடும். புரோபை நகர்த்தும் கருவியான நகர்த்தியின் திரையில் 0.001 மில்லிமீட்டர் வரை எண்கள் ஓடுவதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது திருகு எவ்வளவு சுற்றியது என்பதைச் சொல்கிறது. கம்பி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை.

முதல் சோதனை பற்சக்கரத் தளர்வு. ஒரே உயரத்துக்கு மேலிருந்து இறங்கி வந்து ஓர் அளவும், கீழிருந்து ஏறி வந்து ஓர் அளவும் எடுங்கள். சராசரி வேகம் இரண்டிலும் வேறுபட்டால் தளர்வு இருக்கிறது. அதை நீக்கச் செலவு வேண்டாம். எப்போதும் சுவரிலிருந்து வெளியே போகும் திசையில் மட்டும் அளப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் போதும்.

அடுத்தது பிம்பச் சோதனை. சுவர் பளபளப்பாக இருந்தால் கம்பியும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும். நுண்ணளவு தொலைநோக்கியை மட்டத்தில் வைத்து, இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை அளந்து பாதியாக்கினால் சுவரிலிருந்து கம்பியின் தூரம் கிடைக்கும். பக்கவாட்டில் ஒரு சிறு விளக்கைப் பிடித்தால் இருட்டில் இரண்டு வெள்ளிக் கோடுகள் போலத் தெரியும். விளக்கைச் சற்றே அசைத்து இரண்டும் ஒரே பருமனில் தெரியும் நிலையில் அளக்க வேண்டும். அப்போதே இடக்கோடியிலும் வலக்கோடியிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் 0.20, மறுபக்கம் 0.26 என்று வந்தால் கம்பி சாய்ந்திருக்கிறது. அதன் சராசரியை எடுத்து வேலையைத் தொடராமல், புரோபைத் தாங்கியிலேயே சுழற்றிச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று நின்றிருக்கும்போது எடுத்த தூரம், காற்று ஓடும்போது அப்படியே இருப்பதில்லை. நீண்ட தண்டு காற்றின் தள்ளலில் வளைகிறது. மெல்லிய தட்டும் அழுத்த வேறுபாட்டில் வீங்குகிறது. பிம்பச் சோதனையை விசிறி ஓடும்போதும் ஒருமுறை செய்து, வித்தியாசம் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் போனால் தண்டைக் குட்டையாக்கவோ தட்டுக்குக் கீழே முட்டுக்கொடுக்கவோ வேண்டும்.

தொலைநோக்கி இல்லாதவர்கள், சுவரையொட்டிய பகுதியில் வேகம் தூரத்தோடு நேர்கோட்டில் ஏறும் என்பதைப் பயன்படுத்தி, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிச் சுழியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் முன்சொன்ன சுவர் வெப்ப இழப்பு அதே புள்ளிகளைத்தான் கெடுத்திருக்கும். மிகவும் கெட்டவற்றை, அதாவது மூன்றரை, நான்கு அலகுக்குக் கீழுள்ளவற்றை மட்டும் நீக்கினாலும் கோடு போட மிஞ்சுவது ஒன்றிரண்டு புள்ளிகள்தாம். அதனால் இந்த வழியைச் சரிபார்க்க மட்டுமே நான் பயன்படுத்துகிறேன்.

### வளைவு முழுவதும் மேலோ கீழோ ஒரே அளவு தள்ளி நிற்கிறது எனில்

உராய்வு வேகம் தவறு. அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதே முதல் கேள்வி. 1954-இல் கிளாசர் காட்டிய முறையில், மடக்கை விதியின் மேல் வளைவைப் பொருத்தி உராய்வு வேகத்தை எடுத்துவிட்டு, பிறகு "மடக்கை விதியோடு ஒத்துப்போகிறது" என்று எழுதுவது வட்டமடிக்கும் வாதம். அந்த விதியின் சரிவை முடிவுசெய்யும் கார்மன் மாறிலியை 0.41 என்று வைப்பவரும் 0.384 என்று வைப்பவரும் ஒரே தரவிலிருந்து வேறுவேறு உராய்வு வேகங்களைப் பெறுவார்கள்.

தனியே அளக்க மலிவான வழி பிரெஸ்டன் குழாய். சுவரின் மேலேயே படுத்திருக்கும் வட்டக் குழாய், பக்கத்தில் ஒரு நிலையழுத்தத் துளை, பட்டேல் 1965-இல் தந்த அளவுதிருத்தம், இவ்வளவே தேவை. குழாயின் வாயில் பிசிறு இருக்கக் கூடாது. நிலையழுத்தத் துளையின் ஓரம் கூர்மையாகவும் சுவரோடு மட்டமாகவும் இருக்க வேண்டும். இதைவிட நம்பகமானது எண்ணெய்ப்படலத்தின் ஒளிக்குறுக்கீட்டு முறை. அதற்குக் கண்ணாடித் துண்டும், பாகுநிலை தெரிந்த சிலிகோன் எண்ணெயும், ஒற்றைநிற விளக்கும் வேண்டும். முறை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை இறங்க வேண்டாம்.

### எந்த உராய்வு வேகம் போட்டாலும் பொருந்தவில்லை எனில்

எல்லைப்படலமே இன்னும் முழுக் கொந்தளிப்புக்கு வரவில்லை என்று சந்தேகப்படலாம். வேக வளைவிலிருந்து கணக்கிடும் இரண்டு தடிப்புகளில், இடப்பெயர்ச்சித் தடிப்பை உந்தத் தடிப்பால் வகுத்துப் பாருங்கள். கொந்தளிப்பான படலத்தில் அது 1.3-க்கும் 1.4-க்கும் இடையிலும், கொந்தளிப்பில்லாத அடுக்கோட்டத்தில் 2.6-க்கு அருகிலும் இருக்கும். 1.7 என்று வந்தால் ஓட்டத்தைக் கொந்தளிக்கச் செய்ய முன்விளிம்புக்குப் பின்னால் ஒட்டிய உப்புத்தாள் பட்டை பிய்ந்திருக்கும், அல்லது அந்த வேகத்துக்கு அதன் சொரசொரப்புப் போதாது. சில ராண்டில் முடியும் வேலை.

## அறிகுறி: காலையில் எடுத்த அளவும் பிற்பகலில் எடுத்த அளவும் ஒத்துவரவில்லை

### வேகம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகிறது, வெப்பமானி ஏறியிருக்கிறது எனில்

காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஹாட்வயர் காட்டும் வேகம் ஏறக்குறைய 2 சதவீதம் தவறுகிறது. மூடிய சுற்றுள்ள சுரங்கத்தில் விசிறியின் ஆற்றல் முழுவதும் கடைசியில் காற்றில் வெப்பமாகவே சேர்வதால், ஒரு மணி நேரத்தில் ஐந்து டிகிரி ஏறுவது வியப்பில்லை. திறந்த சுரங்கமாக இருந்தாலும் டர்பனில் தப்பிக்க முடியாது. குளிர்காலத்திலும் அது முடியும் தறுவாயிலும் மேட்டுநிலத்திலிருந்து இறங்கி வரும் பெர்க் காற்று சில மணி நேரத்தில் பத்து டிகிரிக்கு மேலும் ஏற்றிவிட்டு, பிறகு கடற்காற்று திரும்பியதும் சட்டென்று இறக்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் காலையில் செய்த அளவுதிருத்தத்தை மாலையில் நம்பக் கூடாது.

திருத்தம் எளிது. கம்பியின் வெப்பநிலையிலிருந்து அளவுதிருத்தக் காலத்துக் காற்றின் வெப்பநிலையைக் கழித்து, அதைக் கம்பியின் வெப்பநிலையிலிருந்து இப்போதைய காற்றின் வெப்பநிலையைக் கழித்ததால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து மின்னழுத்தத்தோடு பெருக்க வேண்டும். கம்பி 240, அப்போது 22, இப்போது 27 என்றால் பெருக்கும் எண் 1.012. பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் வேகத்தில் அது 9 சதவீதம் அளவுக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளியோடும் வெப்பநிலையைப் பதிவுசெய்யாதவர்களுக்கு இந்தத் திருத்தம் கிடையாது. வெப்பமானியைச் சுரங்கத்துக்கு உள்ளே, புரோபின் பாதையில் குறுக்கிடாத இடத்தில் வைக்க வேண்டும். மேசையில் வைத்த வெப்பமானி மேசையின் வெப்பத்தைச் சொல்லும்.

### வெப்பநிலையைத் திருத்திய பின்னும் குறைவாகவே காட்டுகிறது எனில்

கம்பியில் அழுக்கு. அழுக்குப் படிந்தால் வெப்பம் வெளியேறுவது தடைப்பட்டு, மின்னழுத்தம் குறைந்து, வேகமும் குறைவாகத் தெரியும். நம் கரையோரத்தில் இதற்கு இரண்டு சொந்தக் காரணங்கள் உண்டு. ஒன்று கடலுப்பு. மற்றொன்று கரும்பு: ஏப்ரலிலிருந்து ஏறக்குறைய ஆண்டு இறுதிவரை வெட்டுக்கு முன்னால் தோட்டத்தைக் கொளுத்துவதால், கருஞ்சாம்பல் காற்றில் மிதந்து வந்து சன்னல்திட்டில் இறங்குகிறது. நம் தாத்தாக்கள் வெட்டிய அதே கரும்பின் சாம்பல்தான் இன்று 5 மைக்ரோமீட்டர் கம்பியில் ஒட்டிக்கொள்கிறது. திறந்த சுரங்கத்தின் வாயில் வடிதுணி போடாமல் கரும்புக் காலத்தில் அளப்பது வீண்வேலை.

முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். இழையோ துகளோ தெரிந்தால், பிரிட்ஜை அணைத்து, கம்பி ஆறிய பிறகு, புரோபை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் செங்குத்தாக மெல்ல இறக்கி, மெல்ல எடுத்து, தானாக உலரவிட வேண்டும். தூரிகை, ஊதும் காற்று, மீயொலித் தொட்டி எதுவும் வேண்டாம். கழுவிய பின் புது அளவுதிருத்தம் கட்டாயம். ஈரப்பதத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். டர்பன் கோடையிலும் அதன் விளைவு வெப்பநிலையின் விளைவுக்குப் பக்கத்தில் வராது, விட்டுவிடலாம்.

### கழுவிய பின்னும் தொடர்கிறது எனில்

கம்பியின் குளிர்நிலைத் தடையை, அதாவது சூடாக்காதபோது அதன் மின்தடையை, அளந்து, புதிதாக வந்தபோது குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால் முதலில் இணைப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி அளக்க வேண்டும். இந்த ஊர்க் காற்றில் இணைப்பி பச்சை பூப்பது சாதாரணம். அதன் பிறகும் ஏறியே இருந்தால் கம்பி மூப்படைந்துவிட்டது. டங்ஸ்டன் 300 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜனோடு சேரத் தொடங்கும். அப்படிச் சுட்ட கம்பி திரும்பாது.

## அறிகுறி: பிட்டோ குழாயும் ஹாட்வயரும் ஒன்றையொன்று மறுக்கின்றன

ரப்பர்க் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சிறிது அழுத்தம் கொடுத்துப் பிடித்துப் பாருங்கள். அழுத்தமானியின் எண் இறங்கினால் கசிவு உண்டு. குழாயில் நீர்த்துளி நிற்கிறதா என்றும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும்.

இரண்டும் சரியென்றால் அடர்த்தி. ஜோகனஸ்பர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்தான். டர்பனின் அடர்த்தியை அங்கே போட்டால் பிட்டோ குழாய் சொல்லும் வேகம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வரும். ஹாட்வயரும் அடர்த்தியையும் வேகத்தையும் சேர்த்தே உணர்வதால், இங்கே அளவுதிருத்தம் செய்த புரோபை அங்கே கொண்டுபோய் அப்படியே பயன்படுத்தக் கூடாது. பாகுநிலையும் சுவர் அலகும்கூட அங்கே வேறு.

அழுத்தமானியே பிசகியிருக்கலாம் என்ற சந்தேகம் மிஞ்சினால், நீங்களாகத் திருகைத் தொட வேண்டாம். தென்னாப்பிரிக்க தேசிய அங்கீகார அமைப்பான சானாஸின் அங்கீகாரம் பெற்ற அழுத்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கேட்கும்போதே உங்கள் வீச்சு எத்தனை பாஸ்கல் என்று சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலர் கிலோபாஸ்கலில்தான் வேலை செய்கிறார்கள்.

## அறிகுறி: நிறமாலையில் ஊசி போன்ற முனை எழுகிறது

நிறமாலை என்பது அளந்த ஏற்ற இறக்கங்களை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம். விசிறியின் வேகத்தை மாற்றி, முனை என்ன செய்கிறது என்று பார்ப்பதே இங்கு முதல் சோதனை.

### முனை நகரவில்லை, 50 ஹெர்ட்ஸிலோ அதன் மடங்குகளிலோ நிற்கிறது எனில்

மின்வலை. விசிறியை முழுவதும் அணைத்துவிட்டும் அது நிற்கிறதா என்று பார்த்தால் உறுதியாகும். எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்து, நிலத்தொடர்பு ஒரே இடத்தில் மட்டும் இருக்குமாறு பார்த்தால் பெரும்பாலும் போய்விடும். லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) நேரத்தில் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ வைத்து அளந்தவற்றில் வேறு அதிர்வெண்களும் சேர்ந்திருக்கும். மின்சாரம் திரும்பியதும் உடனே தொடங்காமல் பிரிட்ஜுக்கு அரை மணி நேரமாவது சூடேற விட வேண்டும்.

### முனை விசிறியின் வேகத்தோடு சேர்ந்து நகர்கிறது எனில்

முதலில் கணக்குப் போடுங்கள். எட்டு இதழ் விசிறி நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றினால் 120 ஹெர்ட்ஸில் முனை வரும். தண்டிலிருந்து சுழல்கள் பிரிவதாலும் வரலாம்: 6 மில்லிமீட்டர்த் தண்டு விநாடிக்கு 10 மீட்டரில் 330 ஹெர்ட்ஸ் அளவில் பாடும். முன்னது காற்றில் உண்மையாகவே இருக்கும் ஒலி. பின்னது தண்டின் குறை. தண்டைக் கம்பியிலிருந்து இன்னும் பின்னால் தள்ளினால் பின்னது அடங்கும்.

### முனை நகரவில்லை, ஆனால் விசிறியை அணைத்தால் மறைகிறது எனில்

விசிறியின் அதிர்வு தரைவழியாக வந்து தண்டின் இயல்பதிர்வை எழுப்புகிறது, அல்லது மோட்டாரின் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இரைச்சலைக் கேபிளில் ஏற்றுகிறது. தண்டை இயங்கும்போதே விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். முனை தாழ்ந்தால் அதிர்வு, தாழாவிட்டால் இரைச்சல். வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள்ளே உள்ள மின்தேக்கிகள் உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கும். தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை அது. தாங்குருளை உறுமுகிறது என்றால் இயந்திரப் பணியாளரை அழைக்க வேண்டும்.

## அறிகுறி: சுவரோரக் கொந்தளிப்பின் உச்சம் தாழ்ந்து நிற்கிறது

பதினைந்து சுவர் அலகு உயரத்தில் ஏற்ற இறக்கத்தின் வர்க்கச் சராசரி மூலம் உராய்வு வேகத்தைப் போல் 2.7 அல்லது 2.8 மடங்கு வர வேண்டும். 2.3 என்று வந்தால் முதலில் கம்பியின் நீளத்தைச் சுவர் அலகால் வகுத்துப் பாருங்கள். 1.25 மில்லிமீட்டர்க் கம்பி நம் எடுத்துக்காட்டில் 35 அலகு நீளம். சுவரோரத்தில் உள்ள சிறு சுழல்கள் அதன் மேல் சராசரியாகிவிடும். லிக்ரானியும் பிராட்ஷாவும் 1987-இல் காட்டியபடி நீளம் 20 அலகுக்குள் இருக்க வேண்டும். அதே நேரம் விட்டத்தைப் போல் 200 மடங்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பம் முள்முனைகள் வழியே போய்விடும். 2.5 மைக்ரோமீட்டர்ப் பிளாட்டினக் கம்பியில் அரை மில்லிமீட்டர் விட்டால் இரண்டு விதியும் நிறைவேறும். அதை வாங்குமுன் செலவில்லாத ஒரு வழி உண்டு: சுரங்கத்தின் வேகத்தைப் பாதியாக்கி மறுபடி அளந்து பாருங்கள். உச்சம் உயர்ந்தால் காரணம் கம்பியின் நீளம்தான்.

உயராவிட்டால், உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் மின்னணு வடிப்பானைப் பாருங்கள். இந்த ஓட்டத்தில் 4 கிலோஹெர்ட்ஸ் வரையாவது தடையின்றி வர வேண்டும். யாரோ முந்தைய வேலைக்காக 1 கிலோஹெர்ட்ஸில் விட்டுப்போன வடிப்பான் அடிக்கடி அகப்படுகிறது. பிறகு சதுர அலைச் சோதனை, அதாவது பிரிட்ஜுக்குள் சதுர அலை மின்னழுத்தம் செலுத்தி, அதனால் எழும் துடிப்பு எப்படி அடங்குகிறது என்று பார்ப்பது. அதை எல்லைப்படலத்துக்கு வெளியே, அளக்கப்போகும் மிக உயர்ந்த வேகத்தில் செய்ய வேண்டும். துடிப்பு ஒருமுறை சற்றே கீழிறங்கி அமைதியடைந்தால் சரி. அது அடங்கும் நேரத்தை 1.3-ஆல் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் பிரிட்ஜின் அதிர்வெண் எல்லை கிடைக்கும். துடிப்பு அடங்காமல் ஊசலாடினால் கேபிளின் நீளம் பிரிட்ஜில் அமைத்த நீளத்தோடு ஒத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகே திருகுகளைத் தொட வேண்டும்.

## அறிகுறி: கம்பி அடிக்கடி அறுகிறது

பிரிட்ஜை இயக்கிய கணத்திலேயே அறுந்தால், அதிகவெப்பத் தடையை, அதாவது சூடான கம்பிக்கென்று பிரிட்ஜில் அமைக்கும் மின்தடையை, கணக்கிட்டபோது கேபிளின் தடையைக் கழிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது வேறொரு புரோபின் குளிர்நிலைத் தடையைப் போட்டிருப்பார்கள். புரோபை மாட்டுவதும் கழற்றுவதும் பிரிட்ஜ் அணைந்த நிலையில் மட்டுமே நடக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் துகள் மோதியிருக்கிறது. வாயில் உள்ள வடிதுணியையும், உள்ளே இருக்கும் வலைகளையும் பாருங்கள். வலைகளில் சாம்பல் அடைத்தால் திறந்த பரப்பு குறையும்; அது 57 சதவீதத்துக்குக் கீழே போனால் வலையிலிருந்து வரும் தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தட்டின் அகலத்தில் இடத்துக்கு இடம் வேறு உராய்வைத் தரும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுவதோடு அது தீரும்.

சுவரருகே மட்டும் அறுந்தால் நகர்த்திக்கு நிறுத்தும் எல்லை அமைக்கவில்லை என்று பொருள். கம்பிக்கும் சுவருக்கும் 0.1 மில்லிமீட்டர் இருக்கும்போதே இயக்கம் நிற்குமாறு எல்லையை வையுங்கள்.

அறுந்த கம்பியை மறுபடி ஒட்டுவது நுண்பற்றவைப்பு வேலை. அதற்கான கருவியும் பழகிய கையும் உள்ள ஆய்வகத்துக்கோ தயாரிப்பாளருக்கோ அனுப்புவதே சிக்கனம். புதுப் புரோபையும் புதுக் கேபிளையும் மாட்டிய பிறகும் சதுர அலை ஊசலாடினாலோ, புரோபுக்குப் பதிலாக நிலையான தடை ஒன்றை மாட்டிய பிறகும் வெளியீடு அலைந்தாலோ, அப்போதுதான் பிரிட்ஜைச் சந்தேகப்பட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும். அவருக்கு அனுப்பும் தாளில் குளிர்நிலைத் தடை, கேபிளின் தடை, அமைத்த அதிகவெப்ப விகிதம், காற்றின் வெப்பநிலை, சதுர அலையின் படம், நிலையான தடையோடு எடுத்த பதிவு ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால், இந்தச் சோதனைகளை அவர் முதலிலிருந்து தொடங்கி அதற்கும் கட்டணம் கேட்கும் நிலை வராது.